வெள்ளி வட்டும் பழைய முகமும்

உழைத்துச் சேர்த்த பொருளை எந்த வடிவத்தில் காத்து வைப்பது என்பது நம் அங்கத்தினர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஆண்டுக்கு இரண்டு முறையேனும் எழும் கேள்வியாகும். அறுவடை முடிந்து விளைபொருள் விலைபோன பின் விவசாயி வீட்டில் அக்கேள்வி எழுகின்றது. தீபாவளிக்கு முன் சங்கம் போனஸ் வழங்கிய பின் நெசவாளர் வீட்டில் எழுகின்றது. பொன்னுக்கு அடுத்தபடியாக நம் மக்கள் நாடுவது வெள்ளியையே. வெள்ளியிலும் காசு வடிவத்தில் உள்ளதென்றால் கைக்கு அடக்கமாகவும் கண்ணுக்கு இனியதாகவும் இருக்கின்றது. ஆகவே அதன்மேல் ஆசை மிகுவது இயல்பு.

அந்த ஆசையை அறிந்தே ஒரு வாணிகம் உலகில் வளர்ந்திருக்கின்றது. பழைய நாணயங்களின் உருவங்களை எடுத்து, புதிய வெள்ளித் துண்டுகளில் பொறித்து, சேகரிப்போருக்கென விற்பதே அவ்வாணிகம். அதன் தாயகம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். நம் நாட்டுக் கடைகளிலும் விக்டோரியா அரசி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆகியோரின் முகம் பொறித்த புதிய வெள்ளிக் காசுகள் விற்கப்படுகின்றன. இப்பொருளின் தன்மை என்ன, இதற்குக் கொடுக்கும் விலையில் வெள்ளிக்குரியது எவ்வளவு, முகத்திற்குரியது எவ்வளவு என்பதை ஆராய்வது நம் கடமை. வெள்ளியைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சேமிப்பையும் அலங்காரத்தையும் ஒன்றாகக் கருதி மயங்கலாகாது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

வட்டு வேறு, நாணயம் வேறு

அமெரிக்காவில் ‘ரவுண்ட்’ என்று வழங்கும் இப்பொருளைத் தமிழில் வெள்ளி வட்டு என்று கூறலாம். வெள்ளியை உருக்கித் தகடாக உருட்டி, வில்லைகளாக வெட்டி, இரண்டு எஃகு அச்சுகளுக்கிடையே அழுத்தி உருவாக்குகின்றனர். செய்முறையில் இதற்கும் நாணயத்திற்கும் வேறுபாடு இல்லை. பெரும்பாலான வட்டுகள் ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் நிறையுள்ளவை. ஆயிரத்தில் 999 பங்கு தூய வெள்ளி. குறுக்களவு ஏறத்தாழ 39 மில்லிமீட்டர்.

வேறுபாடு சட்டத்தில் இருக்கின்றது. நாணயத்தை அரசு வெளியிடுகின்றது. அதன்மேல் ஒரு பணமதிப்பு பொறிக்கப்படுகின்றது. கடன் தீர்க்க அதைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளச் சட்டம் உண்டு. வட்டைத் தனியார் ஆலை வெளியிடுகின்றது, அதன்மேல் நிறையும் தரமும் மட்டுமே பொறிக்கப்படுகின்றன, அது பணமன்று. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1986 முதல் அமெரிக்க அரசு வெளியிட்டுவரும் ‘சில்வர் ஈகிள்’ என்னும் வெள்ளிக் காசும் ஒரு டிராய் அவுன்ஸ் நிறையுள்ளதே. ஆனால் அதில் ஒரு டாலர் என்ற மதிப்பு உள்ளது. ஆதலால் அது நாணயம். அதன் அருகில் அதே நிறையுள்ள தனியார் வட்டை வைத்தால் கண்ணுக்கு இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். சட்டத்தின் பார்வையில் ஒன்று நாணயம். மற்றொன்று அழகிய வெள்ளிக்கட்டி.

இதைக் குறையாகக் கூறவில்லை. ஒரு டாலர் என்று பொறித்த சில்வர் ஈகிளையும் ஒரு டாலருக்கு எவரும் செலவழிப்பதில்லை. அதிலுள்ள வெள்ளியே பன்மடங்கு மதிப்புடையது. எனவே வெள்ளிக்காக வாங்குவோர்க்கு அரசு முத்திரையால் வரும் நன்மை, நிறையிலும் தரத்திலும் ஐயம் வேண்டாம் என்னும் உறுதி ஒன்றே. அந்த உறுதிக்காக அரசுக் காசின் விலை சற்று அதிகம். சாதாரண வட்டின் விலை சற்றுக் குறைவு.

எந்த முகங்கள், எங்கிருந்து வந்தவை?

வட்டுகளில் மீண்டும் மீண்டும் காணும் உருவங்கள் சிலவே. அவற்றின் வரலாற்றை அறிந்தால் இவ்வாணிகம் எதை விற்கின்றது என்பதும் விளங்கும்.

முதலாவது, ‘நடக்கும் சுதந்திரம்’ என்னும் உருவம். கொடியைப் போர்வையாக அணிந்த பெண்ணொருத்தி, ஒரு கையில் இலைக்கொத்தை ஏந்தி, மறு கையை நீட்டியவாறு உதிக்கும் சூரியனை நோக்கி நடக்கின்றாள். அடால்ஃப் வைன்மன் என்னும் சிற்பி வடித்த இவ்வுருவம் 1916 முதல் 1947 வரை அமெரிக்க அரை டாலரில் இருந்தது. சில்வர் ஈகிளும் இதே உருவத்தையே தாங்குகின்றது.

இரண்டாவது, மார்கன் டாலர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்க நாணயச் சாலையில் பணிபுரிந்த ஜார்ஜ் மார்கன் என்னும் செதுக்குநர் அமைத்த சுதந்திர தேவியின் தலை உருவம் இது. 1878 முதல் 1904 வரையிலும், மீண்டும் 1921-லும் அச்சிடப்பட்டது. அந்நாணயம் 26.73 கிராம் நிறையும், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளியும் உடையது.

மூன்றாவது, எருமைக் காசு. ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் என்னும் சிற்பி வடித்த இதன் ஒரு பக்கத்தில் அமெரிக்கப் பழங்குடித் தலைவரின் முகமும், மறு பக்கத்தில் பைசன் என்னும் காட்டெருமையும் காணப்படும். 1913 முதல் 1938 வரை வழங்கிய ஐந்து சென்ட் காசு அது. அதில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். வெள்ளி ஒரு குன்றிமணியும் இல்லை. கூலியாளும் கடைச் சிறுவனும் அன்றாடம் கையாண்ட சில்லறை அது. இன்றோ வெள்ளி வட்டுகளில் மிகுதியாகப் பொறிக்கப்படும் உருவங்களுள் அதுவும் ஒன்று.

நான்காவது, அகஸ்டஸ் செயின்ட்-கோடன்ஸ் என்னும் பெருஞ்சிற்பி வடித்து 1907-இல் வெளிவந்த இருபது டாலர் பொற்காசு. வைன்மனும் ஃப்ரேசரும் அவரிடம் பயின்றவர்களே. அந்தப் பொற்காசின் உருவமும் இன்று வெள்ளியில் கிடைக்கின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த காசின் முகம் வெள்ளிக்கு ஏறியிருக்கின்றது. பொற்காசின் முகம் வெள்ளிக்கு இறங்கியிருக்கின்றது. முகத்திற்கும் உலோகத்திற்கும் இருந்த பழைய தொடர்பு அற்றுவிட்டது. வாங்குவோர் அறிந்து போற்றும் முகமாக இருந்தால் போதும் என்பதே விற்போரின் கணக்கு. நூறாண்டு கடந்த இவ்வுருவங்களுக்கு எவரும் உரிமைத்தொகை கேட்பதில்லை. புதிதாகச் சிற்பி ஒருவரை அமர்த்தும் செலவும் இல்லை. மக்கள் மனத்தில் மதிப்போ ஏற்கெனவே நிலைபெற்றிருக்கின்றது. வாணிகத்திற்கு இதைவிட வசதியான சரக்கு அரிது.

டாலர் ரூபாயான கதை

பழைய மார்கன் டாலருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு நேரான தொடர்பு உண்டு. அதை அறிந்தவர் பலரல்லர்.

முதல் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்து ஏராளமான பொருள்கள் நேச நாடுகளுக்குச் சென்றன. அவற்றிற்கு ரூபாயில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அக்காலத்து ரூபாய் என்பது 11.66 கிராம் நிறையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் உடைய நாணயம். அரசு வெளியிட்ட நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வெள்ளி ரூபாய் தரப்பட வேண்டும். வெள்ளி போதவில்லை. 1917 நவம்பரில் முதன்முதலாக ஒரு ரூபாய் நோட்டு வெளியிடப்பட்டதற்கும் வெள்ளித் தட்டுப்பாடே காரணம். 1918-இன் தொடக்கத்தில் நோட்டுகளை வெள்ளியாக மாற்ற மக்கள் திரண்டபோது கருவூலத்துக் கையிருப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்தது.

அப்போது பிரிட்டிஷ் அரசு அமெரிக்காவின் உதவியை நாடியது. வெள்ளிச் சுரங்கங்கள் நிறைந்த நெவாடா மாநிலத்தின் செனட்டர் கீ பிட்மன் கொண்டுவந்த சட்டம் 1918 ஏப்ரலில் நிறைவேறியது. அதன்படி அமெரிக்கக் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களில் 27 கோடிக்கு மேற்பட்டவை உருக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 26 கோடி டாலர்களின் வெள்ளி, அவுன்ஸ் ஒரு டாலர் விலையில் இந்தியாவிற்கென விற்கப்பட்டது. உருக்கப்பட்டவை பெரும்பாலும் மார்கன் டாலர்களே. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு டாலரிலிருந்த வெள்ளி இரண்டேகால் ரூபாய் நாணயங்களுக்குப் போதும்; முழுத் தொகையும் சுமார் 58 கோடி ரூபாய் நாணயங்களுக்குப் போதும்.

ஆகவே நம் பாட்டனார் காலத்துப் பெட்டியில் இன்றும் கிடக்கும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், ஒரு காலத்தில் மார்கனின் சுதந்திர தேவியைத் தாங்கியிருக்கக் கூடும். அந்த ரூபாயைப் பெற்ற விவசாயி, இதற்கு முன் இதில் யார் முகம் இருந்தது என்று கேட்கவில்லை. நிறை சரியா, ஒலி சரியா என்று கல்லில் தட்டிப் பார்த்து மடியில் முடிந்துகொண்டார்.

இவ்வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-இல் வெளிவந்த ரூபாய் நிக்கலால் ஆனது. அதில் வெள்ளியே இல்லை. ஆயினும் அது ரூபாயாகவே செல்லுபடியாயிற்று. உலோகம் போன பின்னும் அரசின் ஆணை அதைப் பணமாக நிறுத்தியது. அமெரிக்காவிலும் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் பத்து சென்ட், கால் டாலர் காசுகளிலிருந்து வெள்ளியை நீக்கியது. காசுகளோ தொடர்ந்து வழங்கின.

இவ்விரண்டிலிருந்தும் ஓர் உண்மை தெளிவாகின்றது. நாணயத்தில் முகமே முதன்மை. உலோகம் மாறினாலும் அது பணமாக நிற்கும். வட்டில் உலோகமே எல்லாம். முகம் எதுவாயினும் உருக்குவோனுக்கு ஒன்றே. நாணயத்தின் முகத்திற்கு இருந்த மதிப்பை வட்டின் முகத்திற்கும் கொடுத்து விலை செலுத்துவதே நாம் எச்சரிக்க வேண்டிய மயக்கம்.

கணக்கு என்ன சொல்கின்றது?

நகை வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் கொடுக்கின்றோம். விற்கும்போது அவை திரும்புவதில்லை என்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவர். வட்டிற்கும் அதே நியாயம்தான். ஓர் எடுத்துக்காட்டாக, வட்டிலுள்ள வெள்ளியின் சந்தை விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வட்டை 105 ரூபாய்க்கு விற்பர். திரும்ப விற்கச் சென்றால் 97 ரூபாய் தருவர். போட்ட முதல் வெறுமனே திரும்புவதற்கே வெள்ளியின் விலை 8 விழுக்காட்டுக்கு மேல் ஏற வேண்டும்.

இனி ‘சேகரிப்புப் பதிப்பு’ என்று பெயரிட்டு, எண்ணிக்கை வரையறுத்து, உருவத்தை மேடாக எழுப்பி, பழுப்பு நிறம் ஏற்றி, பெட்டியிலிட்டு, சான்றிதழ் சேர்த்து 150 ரூபாய்க்கு விற்கப்படும் வட்டைக் காண்போம். அதை வாங்கியவர் பணம் தேவைப்பட்டு அவசரமாக விற்கச் சென்றால், வெள்ளி வணிகர் தராசில் இட்டுப் பார்த்து அதே 97 ரூபாய்தான் கூறுவார். முதல் திரும்ப வெள்ளி விலை சுமார் 55 விழுக்காடு ஏற வேண்டும். அதே முகத்தை விரும்பும் மற்றொரு சேகரிப்பாளர் கிடைத்தால் கூடுதல் விலை கிட்டலாம். ஆனால் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரத்தில் அத்தகையவர் நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பாரா?

எண்ணிக்கை வரையறை என்பதையும் ஆராய வேண்டும். பழைய மார்கன் டாலர்களில் சில ஆண்டுக் காசுகள் அரியனவாக இருப்பதற்குக் காரணம், முன்னே கூறியபடி கோடிக்கணக்கானவை உருகிப் போனமையே. அந்த அருமை காலத்தால் விளைந்தது, எவரும் திட்டமிட்டதன்று. இன்றைய வட்டின் அருமை ஆலை அதிகாரி ஒருவர் தாளில் எழுதும் எண். இவ்வாண்டு ஓர் உருவத்தை வரையறுத்து விற்ற ஆலை, அடுத்த ஆண்டு அதையே சிறிது மாற்றி மீண்டும் வெளியிடுவதைத் தடுப்பார் யாருமில்லை.

நம் நாட்டில் வாங்குவோர் மற்றொரு செலவையும் நினைவில் கொள்ள வேண்டும். வெள்ளிக்கு 3 விழுக்காடு சரக்கு சேவை வரி உண்டு. வாங்கும்போது செலுத்திய அவ்வரி, குடும்பத்தார் திரும்ப விற்கும்போது கைக்கு வருவதில்லை.

உருவத்தை எடுத்தாளுதல் குற்றமா?

‘பழைய நாணயத்தின் உருவத்தைத் தனியார் எடுத்தாளுவதே மோசடியன்றோ?’ என்று கேட்போர் உளர். அவ்வாறு பொதுப்படக் கூறுவது நீதியாகாது. பாட்டியார் காலத்துக் கோபுரக் கரையையும் உருத்திராட்சக் கரையையும் நாம் இன்றும் நெய்கின்றோம். அழகிய வடிவம் தலைமுறை கடந்து வாழ்வது நன்றே. குற்றம் உருவத்தில் இல்லை; பொய்ப் பெயரில் இருக்கின்றது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று கூறி விற்பது எவ்வாறு குற்றமோ, அவ்வாறே வட்டை நாணயம் என்று கூறி விற்பதும் குற்றம்.

அமெரிக்கச் சட்டம் இந்த வேறுபாட்டைச் செவ்வனே வகுத்திருக்கின்றது. 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய நாணயத்தின் போலி உருவைச் செய்வோர் அதன்மேல் ‘நகல்’ என்னும் பொருள்படும் சொல்லைப் பொறித்தாக வேண்டும். 2014-இல் அச்சட்டம் மேலும் வலுப்பெற்றது. ஆதலால் நேர்மையான ஆலைகள் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பணமதிப்பை நீக்கி, அவ்விடத்தில் நிறையையும் தரத்தையும் பொறிக்கின்றன. எல்லை கடந்தவர்க்கு என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1998 முதல் ‘லிபர்ட்டி டாலர்’ என்ற பெயரில் வெள்ளித் துண்டுகளை வெளியிட்டு, அவற்றைப் பணமாக வழங்கச் செய்ய முயன்ற பெர்னார்ட் வான் நாட்ஹவுஸ் என்பவர் 2011 மார்ச்சில் வட கரோலினாவில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். அவருடைய துண்டுகளில் வெள்ளி இருந்தது. ஆயினும் அவற்றை நாட்டின் பணத்தோடு கலக்க முயன்றதே குற்றமாயிற்று. நம் நாட்டிலும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம், பணமாகப் பயன்படுத்துவதற்கென உலோகத் துண்டுகளைத் தனியார் செய்வதைத் தடுக்கின்றது.

காஞ்சிபுரம் பட்டின் பெயருக்குப் புவிசார் குறியீடும், பட்டிற்குப் பட்டு முத்திரையும், கைத்தறிக்குக் கைத்தறி முத்திரையும் பெற நம்மவர் எவ்வளவு பாடுபட்டனர் என்பதை நாம் அறிவோம். பெயரும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்னும் நம் வழக்கையே வெள்ளி வாங்கும்போதும் நாம் கைக்கொள்ள வேண்டும். துணியில் ஏமாற்றப்படாத நாம் காசில் ஏமாறலாமா?

‘வெள்ளி ஏறுகின்றதே’ என்பார்க்கு

இவ்வளவும் கேட்ட பின், ‘வெள்ளி விலை ஏறிக்கொண்டே இருக்கையில் இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு?’ என்று வினவுவோர் இருப்பர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரைத் தாண்டியது.

ஆனால் அதே 50 டாலர் அளவை வெள்ளி முன்பே ஒரு முறை எட்டியிருக்கின்றது. 1980 ஜனவரியில், டெக்ஸாஸைச் சேர்ந்த ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்த காலத்தில், விலை ஏறத்தாழ 50 டாலருக்கு உயர்ந்தது. அவ்வாண்டு மார்ச் 27-ஆம் நாள் 11 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. 2011 ஏப்ரலில் மீண்டும் 50 டாலரை நெருங்கி, மறுபடியும் சரிந்தது. 1980-இன் உச்சத்தில் வாங்கியவர் அதே எண்ணைத் தெளிவாகக் கடந்து காண 45 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் டாலரின் வாங்கும் சக்தியோ பன்மடங்கு குறைந்துபோயிற்று. ஏறும் காலத்தில் எல்லோரும் வாங்குவதும், இறங்கும் காலத்தில் ஏழைகள் விற்பதும் சந்தையின் வழக்கம். ஏனெனில் காத்திருக்கும் வசதி எளிய குடும்பங்களுக்கு இல்லை.

பட்டு நெசவாளர்க்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. வெள்ளி விலை ஏறினால் சரிகை விலை ஏறுகின்றது, சேலை விலை உயர்கின்றது, விற்பனை தளர்கின்றது, தறிக்கு வேலை குறைகின்றது. ‘அப்படியாயின், வேலை குறையும் காலத்தில் கைகொடுக்க வீட்டில் வெள்ளி இருப்பது நல்லதன்றோ?’ என்று ஒருவர் கேட்டால், அது அறிவுடைய கேள்வியே. அக்காரணத்திற்காக வெள்ளி வாங்குவோரை நாம் தடுக்க மாட்டோம். ஆனால் அந்தக் காரணம் நிறைக்கு வாங்கச் சொல்கின்றதேயன்றி முகத்திற்கு வாங்கச் சொல்லவில்லை. 150 ரூபாய் கொடுத்து 100 ரூபாய் வெள்ளியை வீட்டில் வைப்பவர், சரிகை விலை பாதியளவு ஏறிய பின்னும் தம் நட்டத்தை ஈடுசெய்திருக்க மாட்டார்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

ஆதலின் நம் கருத்தைத் தெளிவாகக் கூறுவோம். அழகுக்காகவும் வரலாற்று ஆர்வத்திற்காகவும் ஒருவர் எருமைக் காசின் உருவம் பொறித்த வட்டு ஒன்றை வாங்கிப் பேரனுக்குக் காட்டி மகிழ்ந்தால் அதில் குறையொன்றுமில்லை. அது செலவு என்று அறிந்து செய்தால் போதும். சேமிப்பு என்று எண்ணிச் செய்வதே கூடாது.

சேமிப்பாக வெள்ளி வேண்டுவோர், அன்றைய சந்தை விலையைக் கேட்டறிந்து, செய்கூலி மிகக் குறைந்த வடிவத்தை நாட வேண்டும். நிறையும் தரமும் குறித்த பட்டியலைப் பெறாமல் கடையை விட்டு வரலாகாது. திரும்ப வாங்கும் விலை என்ன என்பதை வாங்கும் நாளிலேயே கேட்க வேண்டும். அதைக் கூறத் தயங்கும் கடையில் வாங்கத் தயங்குவதே அறிவு. வெள்ளி நகைகளுக்கும் கலைப்பொருள்களுக்கும் தனி அடையாள எண்ணுடன் கூடிய ஹால்மார்க் முறை 2025 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அது கட்டாயமன்று, ஆயினும் கேட்டு வாங்குவது நலம்.

போலியை அறிய வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், செம்பினுடையது 8.96 கிராம். ஆகவே அகலமும் தடிப்பும் சரியான வட்டு செம்பினாலானது என்றால், 31.1 கிராமுக்குப் பதிலாக ஏறத்தாழ 26 அரை கிராமே நிற்கும். நிறையைச் சரிக்கட்டினாலோ தடிப்பு கூடிவிடும். நிறை, அகலம், தடிப்பு மூன்றையும் சேர்த்து அளப்பவரை ஏமாற்றுவது கடினம். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பலாகாது. செம்பிலும் காந்தம் ஒட்டாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, பெட்டியில் கிடக்கும் வெள்ளி வட்டி ஈட்டுவதில்லை, நூல் வாங்குவதில்லை, உரம் வாங்குவதில்லை. சங்கத்தில் இட்ட பணம் ஒருவருக்குப் பாவு நூலாகவும், மற்றொருவருக்கு விதையாகவும் மாறி, உழைத்து, வட்டியோடு திரும்புகின்றது. தமிழ்நாட்டில் கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தின்படி, நெசவாளர் தம் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா செலுத்தினால் அரசு 4 பைசா சேர்க்கின்றது. இட்ட அன்றே பாதியளவு கூட்டித் தரும் வெள்ளி உலகில் எங்குள்ளது? அத்திட்டத்தில் சேரத் தகுதியிருந்தும் சேராமல், தீபாவளிக்குப் பெட்டிக் காசு வாங்குவது கைப்பொருளை இழப்பதேயாகும்.

சங்கத்தைப் புகழ்வதோடு நின்றால் நாம் நேர்மையாளர் ஆகோம். கூட்டுறவு வங்கிகளில் உள்ள வைப்புத்தொகைக்கு 2020 முதல் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களில் உள்ள வைப்புக்கு அக்காப்பீடு இல்லை. ஆகவே சங்கத்தின் பாதுகாப்பு அங்கத்தினரின் விழிப்பிலேதான் இருக்கின்றது. ஆண்டுப் பேரவைக்கு வந்து, தணிக்கை அறிக்கையைக் கேட்டு, வராக்கடன் எவ்வளவு என்று வினவும் அங்கத்தினரே தம் சேமிப்பைக் காப்பவர். வட்டை மூன்று விதமாக அளக்கச் சொல்லும் நாம், சங்கத்தின் கணக்கை அளக்காமல் விடச் சொல்ல மாட்டோம்.

நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். அங்கத்தினர் வெள்ளிக் காசை நாடுவதற்கு அழகு மட்டும் காரணமன்று. இரவில் தேவை வந்தாலும் காலையில் பணமாக்கலாம் என்னும் துணிவே முதற்காரணம். சங்கத்தில் இட்ட பணத்தைத் திரும்பப் பெறப் பத்து நாள் அலைய வேண்டியிருந்தால், எத்தனை கட்டுரை எழுதினாலும் மக்கள் கடைத்தெருவுக்கே செல்வர். கேட்ட நாளில் கொடுக்கும் ஒழுங்கைச் சங்கங்கள் நிலைநாட்ட வேண்டும்.

1918-இல் கடல் கடந்து வந்த வெள்ளியை நம் முன்னோர் முகம் பார்த்து ஏற்கவில்லை. தட்டிப் பார்த்து, நிறுத்துப் பார்த்து ஏற்றனர். அந்த நல்ல பழக்கத்தை வெள்ளியிலும், துணியிலும், சங்கத்தின் ஏட்டிலும் ஒருசேரக் கைக்கொள்வோமாக.